அரை மாத்திரை விரதம்

எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் கல்யாணமோ, காதுகுத்தோ, ஆடி மாதக் கூழோ, சாவோ, எதுவானாலும் முதல் போன் என் மாமா அர்ஜுனனுக்குத்தான் போகும். மாமா என்றால் என் அக்கா வேதாவின் வீட்டுக்காரர். மைக் செட் வைத்திருக்கிறார். குழாய் ஸ்பீக்கர், பெட்டி ஸ்பீக்கர், சீரியல் லைட் என்று வீட்டில் ஆள் படுக்க இடமில்லாமல் அடுக்கி வைத்திருப்பார். ஆனால் அந்த மனிதரின் சொத்து அந்தச் சாமான்கள் இல்லை, தொண்டை. அவர் மைக் இல்லாமல் "வேதா, தண்ணி" என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரி சொம்போடு வருவாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நடந்திருக்கிறது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில், எங்கள் ஊர் எல்லைக்குள், அறிவிப்புப் பந்தல் போடுவார்கள். கூட்டத்தில் தொலைந்து போனவர்களை அங்கே கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். மாமா மைக்கைப் பிடிப்பார். "பக்தர்களின் கனிவான கவனத்திற்கு!" அந்த ஒரு வரியை அவர் சொல்லும் அழகே தனி. மூக்கொழுகி அழுதுகொண்டிருக்கும் பையனை, "நீல நிற டிராயர் அணிந்து, கையில் பொரி உருண்டையுடன் கம்பீரமாக வீற்றிருக்கும் தம்பி" என்பார். பையன் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வான். பெற்றவள் ஓடி வந்து பிள்ளையை அடிப்பதற்குக் கை ஓங்கினால், அதையும் மைக்கிலேயே தடுப்பார். எனக்கு அவர்மேல் ஆயிரம் எரிச்சல் உண்டு. ஆனால் அந்தப் பந்தலில் அவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் என் அக்காவைக் கட்டியவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

இப்போது மாமாவின் நெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் மாமாவுக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து போயிருக்கிறது. விளையாடி விழுந்திருப்பான் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கல்யாணமாகி வெகுநாள் கழித்து, ஒரு கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டும்போது மூச்சு முட்டிப்போய்த் தொங்கினார். சென்னையில் நெஞ்சைத் திறந்து, கெட்ட வால்வை எடுத்துவிட்டு செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்தி அனுப்பினார்கள். அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் என்று கேட்கும்.

வேறொருவராக இருந்தால் அதை மறைப்பார்கள். எங்கள் மாமா என்ன செய்தார் தெரியுமா? ஊரெல்லாம் மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ என்று சொல்ல, இவர் மைக்கை நெஞ்சில் வைத்து அழுத்துவார். தெரு முழுக்க டிக் டிக், டிக் டிக். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வரும். "பாத்துக்கோங்க, நம்ம சரக்கு எல்லாம் ஒரிஜினல்" என்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வால்வோடு ஒரு மாத்திரையும் சேர்ந்து வந்தது. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை. தினம் ஒன்று, ஆயுசுக்கும். அடிக்கடி ரத்தத்தைச் சோதித்து, டாக்டர் சொன்னால் கூட்டலாம் குறைக்கலாம். அக்கா அதை ஒரு கடனாகச் செய்தாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை உள்ளங்கையில் வைப்பாள். அவர் விழுங்கியதும், "எங்க, வாயத் தொறந்து காட்டு" என்பாள். மாமா நாக்கை நீட்டிக் காட்டினால்தான் விளக்கு அணையும்.

போன கார்த்திகை தீபத்துக்கு முன்புதான் அந்தக் கூத்து நடந்தது. பெரிய கோயிலில் கொடி ஏறிய அன்றே மாமா விரதம் ஆரம்பித்துவிட்டார். தீபம் பார்க்கும் வரை ஒருவேளைச் சாப்பாடு. வருஷாவருஷம் இருப்பதுதான், ஆபரேஷனுக்குப் பின்னால் விட்டிருந்தார். இந்த வருஷம் உடம்பு நன்றாக இருக்கிறது என்று மறுபடி பிடித்துக்கொண்டார். அதே நாட்களில் அக்காவும் நானும் பாதையோரம் டிபன் கடை போட்டிருந்தோம். நான் வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் வேலை பார்ப்பவன், தீபத்துக்கு லீவு போட்டுவிட்டு அக்காவுக்கு மாவு கரைக்கப் போய்விடுவேன். அவள் கடையை மூடி வீடு வந்து சேரும்போது மாமா தூங்கியிருப்பார். காலையில், "மாத்திரை போட்டியா?" என்பாள். "போட்டேன் தாயே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. போட்டார்தான். எவ்வளவு போட்டார் என்று இவள் கேட்கவில்லை.

தீபத்தன்று பகலிலேயே பாதையில் எள் போட இடமில்லை. எங்கள் கடைக்கு மேலே புளியமரத்தில் மாமாவின் குழாய் ஸ்பீக்கர் ஒன்று கட்டியிருந்தது. காலையிலிருந்து அவர் குரல் எங்கள் தோசைமேல் கொட்டிக்கொண்டே இருந்தது. சேலத்துப் பெரியவரை மகனோடு சேர்த்தார். ஆந்திரத்துக் குடும்பம் ஒன்றுக்காகத் தெலுங்கிலும் பேசிப் பார்த்தார். நான் சிரித்துச் சிரித்துச் சட்னியைக் கீழே ஊற்றினேன்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம். "பக்தர்களின் கனிவான கவனத்திற்கு. செஞ்சியிலிருந்து வந்திருக்கும் காசியம்மாள் என்னும் அம்மையார், மஞ்சள் புடவை அணிந்து..." என்று ஆரம்பித்தார். "மஞ்சள்... மஞ்ச... ம்ம்ஞ்..." என்று குரல் இழுத்தது. ஈரத் துணியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். பாதையில் போனவர்கள் சிரித்தார்கள். "பகல்லயே ஏத்திக்கினான் போல" என்றான் சட்னி கேட்டு நின்ற ஒருவன்.

அக்கா தோசையைத் திருப்பவில்லை. ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"டேய் இனியா, அது வாய் இழுக்குதுடா. சென்னையில ஆபரேஷனப்ப நர்ஸம்மா சொன்னாங்கல்ல, பேச்சு குழறும், ஒரு பக்கம் வாய் கோணும், கை தொங்கும்னு. ஓடுடா!"

அடுப்பை அணைத்தாளோ இல்லையோ தெரியாது. செருப்பில்லாமல் ஓடினாள். கூட்டம் போகிற திசையிலேயே பந்தல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. நான் பின்னாலேயே 108-க்குப் போன் போட்டுக்கொண்டே ஓடினேன்.

பந்தலில் மாமா நாற்காலியில் சரிந்து கிடந்தார். வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. வலது கை மடியில் யாருடையதோ போலக் கிடந்தது. தொலைந்துபோன அந்தக் காசியம்மாள் பாட்டிதான் அவர் தலை விழாமல் தோளில் தாங்கிப் பிடித்திருந்தார். "நல்லா பேசிக்கினு இருந்த புள்ளம்மா" என்று அழுதார். யாரோ தீர்த்தம் கொண்டுவந்து வாயில் ஊற்றப் போனார்கள். அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, பொறையேறிடும். விபூதி வேணா வைங்க."

நெற்றியில் விபூதி வைத்தார்கள். அக்கா அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். "டிக் டிக் இருக்குதுடா" என்றாள். அவரைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். மாமா என்னைப் பார்த்தார். கண் நன்றாகத்தான் பார்த்தது. வாய் அசைந்தது. வார்த்தை வரவில்லை. அந்த வாயிலிருந்து வார்த்தை வராததை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நின்றிருந்ததால் உடனே வந்துவிட்டது. வந்து என்ன? பாதை முழுக்கத் தலை. வண்டி முன்னால் நகர வழியே இல்லை. சைரன் போட்டார் டிரைவர். அரோகரா சத்தத்தில் சைரன் யார் காதில் விழும்? "சீக்கிரம் போய்ட்டா அடைப்பு கரைய ஊசி இருக்குது. நேரம் போச்சுன்னா அந்த ஊசி போட முடியாது" என்றார் வண்டியில் வந்த பெண்.

என் அக்கா மைக்கைக் கையில் தொட்டவளே இல்லை. "அந்தப் பிசாசு வீட்டுல இருக்கறதே ஜாஸ்தி" என்பாள். அன்றைக்கு அந்தப் பிசாசை எடுத்து வாயருகே வைத்தாள். எங்கள் ஊர் எல்லை முழுக்க எல்லா ஸ்பீக்கரிலும் அவள் குரல் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. காலையிலர்ந்து உங்ககிட்ட பேசிக்கினு இருந்தாரே, அவரு என் வீட்டுக்காரர். வால்வு மாத்தின மனுஷன். இப்ப வாய் இழுத்துக்கிச்சு. உங்க புள்ளைங்கள எவ்ளோ பேர தேடிக் குடுத்திருக்காரு! நடு ரோட்ட விட்டு ரெண்டு பக்கமா ஒதுங்குங்க. நின்னு பாக்காதீங்க, நடந்துகினே இருங்க. வண்டி வருது, வழி விடுங்க!"

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கூட்டம் பிளந்தது. முதலில் முன்வரிசை ஒதுங்கியது, பிறகு அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. ஆண்கள் கைகோத்து ஓரத்தில் சங்கிலி போட்டார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது. அக்கா மைக்கைப் போட்டுவிட்டு உள்ளே ஏறினாள். நானும் ஏறினேன்.

ஆனால் எங்கள் மாமாவின் ஸ்பீக்கர் ஊர் எல்லையோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு முருகவேலின் ராஜ்யம். அந்த முருகவேலும் மைக் செட்காரர்தான். ஒரு காதுகுத்தில் யார் ஸ்பீக்கர் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஆரம்பித்த சண்டை, இருவரும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் விசேஷம் என்றால் ஒருவர் பாட்டை ஒருவர் அமுக்கப் பார்ப்பார்கள், ஊர்க்காரர்களுக்குக் காது போகும். எனக்கு வேறு வழியில்லை. அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நீ போன வெய்யி" என்றார். அவ்வளவுதான்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. முன்னால் இருந்த கம்பங்களில் எல்லாம் முருகவேலின் கரகரத்த குரல் வெடித்தது.

"யோவ், வழி விடுங்கய்யா! அர்ஜுனன் வரான். எனக்குன்னு இருக்கற ஒரே எதிரி அவன்தான். அவனும் போய்ட்டான்னா நான் யார் கூடய்யா சண்ட போடுவேன்? ஒதுங்குங்கய்யா, ஒதுங்குங்க!"

அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். முருகவேல் தனக்கு அடுத்த பந்தலுக்கும் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பந்தல் அதற்கடுத்த பந்தலுக்குச் சொல்லியிருந்தது. எங்களுக்கு முன்னால் குரல் போய்க்கொண்டே இருந்தது, பின்னால் நாங்கள் போனோம். இருபுறமும் ஜனங்கள் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டு, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்றார்கள். சாமி வாகனப் புறப்பாட்டைத்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன். என் மாமா வாகனத்தில் போவார் என்று கனவிலும் நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா மாமாவின் கையைத் தூக்கச் சொன்னார். ஒரு கைதான் எழுந்தது. உடனே தலையை ஸ்கேன் எடுக்க அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தார்.

"வால்வு வெச்சவங்களுக்கு ரெண்டு விதமா இது வரலாம். மாத்திரை ஜாஸ்தியாயிட்டா மூளையில ரத்தம் கசியும். கம்மியாயிட்டா வால்வு மேல ரத்தக் கட்டி உண்டாகி, துண்டு பிச்சிக்கினு மூளைக்குப் போய் அடைச்சிடும். அடைப்புன்னா அந்த ஊசி காப்பாத்தும். கசிவுன்னா அதே ஊசி ஆளக் கொன்னுடும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வரட்டும். மாத்திரை ஒழுங்கா போட்டாரா?"

"தினமும் போட்டாருங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாமாவின் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்திருந்தார்கள். பையில் ஏதோ கலகலத்தது. விபூதிப் பொட்டலம். பிரித்தால், விபூதிக்கு நடுவே பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள். கொடியேற்றத்திலிருந்து மீந்த பாதிகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"ஒருவேளை சாப்பாடுன்னு அரை மாத்திரை போட்டிருக்காருடா! சாப்பாடு கம்மின்னா மாத்திரையும் கம்மின்னு கணக்கு பண்ணியிருக்காருடா இந்த ஆளு!"

ஒரு பக்கம் அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது, இன்னொரு பக்கம் அது அடைப்பாகத்தான் இருக்கும், ஊசி போடலாம் என்ற நம்பிக்கை. பொட்டலத்தை டாக்டர் அம்மாவிடம் நீட்டினோம். அவர் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். சற்று நேரத்தில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொல்லின. கசிவு இல்லை. ரத்தம் இருக்க வேண்டிய பக்குவத்தில் இல்லை, உறைகிற பக்கம் போயிருந்தது. நேரம் இன்னும் கையில் இருந்தது. ஊசி ஏறியது.

அது ஏறிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஒரு சத்தம் கிளம்பியது. ஜன்னலுக்கு ஓடினேன். மலை உச்சியில் தீபம் எரிந்தது! நோயாளிகள், கூட வந்தவர்கள், துப்புரவு வேலை செய்யும் பெண்கள், எல்லோரும் ஜன்னல் ஜன்னலாக நின்று கை கூப்பினார்கள். ஊரே அரோகரா போட்டது. வருஷா வருஷம் அந்த நிமிஷத்தில் ஊரின் தொண்டையையெல்லாம் அமுக்கிக்கொண்டு மேலே கேட்கும் குரல், கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் படுத்திருந்தது. அக்கா மலையைப் பார்க்கவே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை உள்ளே விட்டார்கள். வலது கை விரல்கள் லேசாக அசைந்தன. உயிர் பிழைத்துவிட்டார் என்றார்கள். ஆனால் பேச்சு? டாக்டர் அம்மா அக்காவைக் காட்டி, "இவங்க பேர் இன்னா, சொல்லுங்க" என்றார். மாமா அக்காவைப் பார்த்தார். உதடு துடித்தது. நெற்றியில் வியர்த்தது. பெயர் வரவில்லை. பேனாவைக் காட்டினார், வரவில்லை. தண்ணீரைக் காட்டினார், வரவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் காதோரம் இறங்கியது. மைக் செட்காரருக்குப் பேச்சு போனால் என்ன மிச்சம்?

அக்கா குனிந்து அவர் வாயருகே தன் முஷ்டியை மைக் மாதிரி பிடித்தாள். ஏன் செய்தாள் என்று இன்றுவரை அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மாமா அந்த முஷ்டியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பக்தர்களின்... கனிவான... கவனத்திற்கு."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது! அவர் நிறுத்தவில்லை. குழறிக் குழறி, நாக்கை உருட்டி உருட்டிச் சொன்னார். "செஞ்சியிலிருந்து வந்திருக்கும்... காசியம்மாள்... மஞ்சள் புடவை... எங்கிருந்தாலும்... பந்தலுக்கு வரவும்."

அக்கா வாய்விட்டு அழுதாள். டாக்டர் அம்மா சிரித்தார். இப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகின வாக்கியம் சில பேருக்கு முதலில் திரும்பும், மற்றது பயிற்சி செய்யச் செய்ய வரும் என்றார். அந்தப் பாட்டியை அவர் பிள்ளைகள் முந்தின நாளே வந்து கூட்டிப் போய்விட்டார்கள் என்று நான் மாமாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா கண்டிப்பாகப் பேசினார். "ஆபரேஷன் ஆயிட்டா நோய் முடிஞ்சுதுன்னு நெனைக்கறீங்க. வால்வு இருக்கற வரைக்கும் இந்த ஆபத்தும் கூடவே இருக்கும். ஒரு தடவ வந்தவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு ஜாஸ்தி, உயிருக்கே ஆபத்து. விரதம் இருங்க, வேணாங்கல. ஆனா முன்னாடியே வந்து என்கிட்ட சொல்லுங்க. சாப்பாடு மாறினா ரத்தமும் மாறும், சோதிச்சிப் பாத்து நான் சொல்றேன். நீங்களா மாத்திரையில கை வெக்காதீங்க." மாமா பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினார். எனக்கு அது பார்க்க ஆனந்தமாக இருந்தது.

அன்றிலிருந்து பயிற்சிதான். முருகவேல் வாரம் தவறாமல் வந்து எதிரில் உட்கார்ந்து அவரைத் திட்டுவார். மாமா பதில் திட்டுவதற்கு வார்த்தை தேடித் தேடியே பேச்சு திரும்பிற்று என்பது என் கட்சி. வேதா என்ற பெயர் வருவதற்குப் பொங்கல் ஆயிற்று. வந்த அன்று தெருவெல்லாம் கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்கா கடைசியில், "போதும் நிறுத்து" என்று கத்தினாள்.

சித்திரைப் பௌர்ணமிக்கு மாமா மறுபடி பந்தலில் உட்கார்ந்தார். வலது கை இன்னும் முழுசாகச் சொன்னபடி கேட்காததால் மைக்கை ஸ்டாண்டில் மாட்டியிருந்தார். பேச்சு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக இறங்கி வந்தது. பழைய வேகம் இல்லை. ஆனால் தொலைந்தவர்களுக்கு அது தெளிவாகவே கேட்டது. நான் புளியமரத்தடியில் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டு நேரமாயிற்று, பாதை முழுக்க விளக்குகள் எரிந்தன. அவள் நொடிக்கொரு தரம் பந்தல் இருக்கும் திசையைப் பார்த்தாள். மாத்திரை நேரம். கடையை விட்டுப் போக முடியாத கூட்டம்.

ஸ்பீக்கர் செருமியது.

"பக்தர்களின் கனிவான கவனத்திற்கு. புளியமரத்தடியில் டிபன் கடை வைத்திருக்கும் வேதா என்பவர், எங்கிருந்தாலும் கேட்டுக்கொள்ளவும். உங்கள் வீட்டுக்காரர் மாத்திரை போட்டுவிட்டார். முழு மாத்திரை."

பாதையே சிரித்தது. அக்கா தோசைத் திருப்பியை ஓங்கிப் பிடித்தபடி ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்க, வாயத் தொறந்து காட்டு!"